வீடு மாற்றும்போது லாரியும் பழைய சாமானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இருந்த 11 வருஷத்தில் நான்கு வாடகை வீடு. கடைசியாக வேளச்சேரியிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரேயடியாகக் கிளம்பினோம். அதற்கு மூன்று மாதம் முன்னால், மயிலாப்பூரில் என் மாமியார் தனியாக இருந்த வீட்டையும் அவர் போனபின் காலி செய்ய வேண்டி வந்தது. அப்போதிருந்து சொந்தத்தில் யார் வீடு மாற்றினாலும் எனக்குத்தான் போன் வருகிறது. கேட்பது அநேகமாக இவைதான்.

முதலில் யாரைக் கூப்பிடுவது? பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸையா, பழைய சாமான்காரரையா?

பழைய சாமான்காரரை. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லாரியை முடிவு செய்துவிட்டு, கடைசி இரண்டு நாளில் பரணைத் திறக்கிறார்கள். சர்வேக்கு வருகிறவர் கண்ணில் படுவதை வைத்துத்தான் வண்டி அளவைச் சொல்வார். ஓடாத மிக்ஸி, கால் போன நாற்காலி, என்றைக்காவது உதவும் என்று எடுத்து வைத்த டியூப்லைட் பட்டி எல்லாமே அவர் கணக்கில் பெட்டிகள். எங்கள் வீட்டை முதலில் பார்த்தவர் 17 அடி வண்டி என்றார். வேண்டாததைத் தள்ளிவிட்டு இரண்டு வாரம் கழித்து இன்னொருவரைக் கூப்பிட்டோம், 14 அடி போதும் என்றார். அந்த மூன்று அடிக்கு வித்தியாசம் 6,000 ரூபாய்.

எந்த மாதம் மாறினால் செலவு குறையும்?

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீட்டுக்குப் போக மாட்டார்கள், அதனால் உள்ளூர் வண்டிக்காரர்கள் ரேட்டில் இறங்கி வருவார்கள். ஆவணி, தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்திலிருந்து பிடிக்க முடியாது. பள்ளிக்கூடம் திறக்குமுன் மே கடைசியிலும் அப்படித்தான். மாதத்தின் 30, 1 தேதிகள் எப்போதுமே இழுபறி.

வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. நாங்கள் ஆனியில் நல்ல நாள் பார்த்து, ஒரு பாய், குத்துவிளக்கு, அரிசி, உப்பு மட்டும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்தோம். சாமான் ஆடி இரண்டாம் வாரம் போனது. பால் காய்ச்சியாகிவிட்டதே, அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நெட்டில் ஒரு இடத்தில் நம்பர் கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் எட்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். யாரை நம்புவது?

நம்பர் வாங்கிய தளம் அதை எட்டு பேருக்கு விற்றிருக்கிறது, அவ்வளவுதான். கூப்பிட்ட எட்டு பேரில் சொந்த வண்டி, சொந்த ஆள் வைத்திருப்பவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் புரோக்கர்கள். உங்களிடம் பேசி முடித்துவிட்டு, லாரி ஷெட்டில் கிடைக்கிற வண்டியை அனுப்புவார்கள். புரோக்கர் என்பதற்காகவே மோசம் என்று சொல்ல மாட்டேன். பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு என்பதில்தான் சிக்கல்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். ஒன்று, ஜிஎஸ்டி எண். அதில் 15 எழுத்துகளும் எண்களும் இருக்கும், தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் எந்தப் பெயரில், எந்த முகவரியில் பதிவு, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கொட்டேஷனில் ஒரு பெயர், அதில் வேறு பெயர் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு, அட்வான்ஸ் எந்தக் கணக்குக்குப் போகிறது? கம்பெனி பெயரில் இல்லாமல் யாரோ ஒருவருடைய யுபிஐக்குப் போகச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று, ஆபீஸ். பாதி நாள் செலவானாலும் நேரில் போய்ப் பாருங்கள். நான் போன ஒரு முகவரியில் ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரருக்கே அலுத்துப்போயிருந்தது: "தினமும் யாராவது வந்து கேக்கறாங்க சார்."

'ஐபிஏ அப்ரூவ்டு' என்று கார்டில் போட்டிருக்கிறார்களே?

ஐபிஏ என்பது இந்திய வங்கிகள் சங்கம். அது பரிந்துரைக்கிற லாரிக் கம்பெனிகளின் பட்டியல் ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபரில் போகிற பேங்க் ஊழியர்களுக்கு பில் பாஸாக அது வேண்டும். மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் கார்டில் போட்டிருந்தால், எண்ணைக் கேட்டுப் பட்டியலில் சரிபாருங்கள். அச்சடிக்க யாராலும் முடியும்.

போனில் சொன்ன ரேட்டை நம்பலாமா?

வேண்டாம். வேளச்சேரி, ரெண்டு பெட்ரூம், கோயம்புத்தூர் என்று சொன்னதும் ஒருவர் 14,000 என்றார். இன்னொருவர் வீட்டுக்கு வந்து, பீரோவைத் தட்டிப் பார்த்து, பால்கனியில் செடிகளை எண்ணி, 23,500 என்றார். மனசு 14,000 பக்கம்தான் சாயும். அதே ஆளிடம் போன என் சித்தப்பா பையனுக்கு நடந்தது இது: ஏற்றுகிற அன்றைக்கு "லிஃப்ட் சின்னது, படியில இறக்கணும்", "லிஸ்ட்ல இல்லாத பெட்டி 20 இருக்கு", "பெரிய வண்டி உள்ள வராது, குட்டி யானை வெச்சு ரோடு வரைக்கும் அடிக்கணும்" என்று ஒவ்வொன்றாக ஏறி, 22,000-ல் வந்து நின்றது. அதற்குள் பாதி வீடு கீழே தெருவில் கிடந்தது. அந்த நிலையில் யாரும் பேரம் பேச முடியாது.

அதனால் கொட்டேஷன் ஒரு தொகையாக இருந்தால் போதாது. சாமான் பட்டியல், இரண்டு பக்கமும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வாசலிலிருந்து வண்டி நிற்கிற இடம் எவ்வளவு தூரம், கட்டில் கழற்றி மாட்டுவது யார், ஏசி கழற்றுவது சேர்த்தியா, இறக்க எத்தனை ஆள், எந்தத் தேதிக்குள் சேரும் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியலை அவர்கள் எழுதட்டும் என்று விடாதீர்கள். நீங்களே எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஓகே" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பரண், மொட்டை மாடி, பைக் ஷெட், செருப்பு ஸ்டாண்டு: இந்த நான்கையும்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

ஷேரிங் லோடு மலிவு என்கிறார்களே?

மலிவுதான். உங்கள் சாமானோடு இன்னொருவர் சாமானும் ஏறும், கோடவுனில் ஒருமுறை இறங்கி ஏறும். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் ஏதாவது ஒன்று நசுங்கும். பேச்சிலர்கள், பத்துப் பெட்டியும் ஒரு பைக்கும் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். கண்ணாடி அலமாரி, மரச்சாமான் உள்ளவர்கள் தனி வண்டி எடுப்பது நல்லது.

சாமான் மதிப்பில் 3 சதவீதம் இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். கட்டலாமா?

பாலிசி கொடுத்தால் கட்டலாம். பல கம்பெனிகள் இன்சூரன்ஸ் என்று வாங்குகிற பணம் எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போவதில்லை. பில்லில் 'டிரான்சிட் ரிஸ்க்' என்றோ 'எஃப்ஓவி' (சாமான் மதிப்பை வைத்துப் போடுகிற கட்டணம்) என்றோ ஒரு வரி இருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது சேதமானால் உரிமையாளரே பொறுப்பு என்று இருக்கும். முன்பக்கம் வாங்கியதைப் பின்பக்கம் மறுப்பது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி பாலிசி, நம்பர் என்ன, என் பேர் அதுல இருக்கா?" எங்களுக்கு வந்தவர் இந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வரியையே அடித்துவிட்டார்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சாமானின் கூடுதல் மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்கான கட்டணமும் கட்டியிருந்தால் ஒழிய, லாரிக் கம்பெனியின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். நம் வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் அது போதும். ஆனால் கையில் சரக்கு ரசீது இருக்க வேண்டும். அதைத்தான் எல்ஆர் என்கிறார்கள். வெறும் எஸ்டிமேட் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வழியில் செக்போஸ்ட் வரி, இ-வே பில் என்று பணம் கேட்கிறார்கள். தர வேண்டுமா?

வேண்டாம். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையே இல்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. நுழைவு வரி, ஆக்ட்ராய் எல்லாம் 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டன. பெங்களூர் போகிறவர்களிடம் ஓசூரில் வைத்து இன்னும் இந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். டோல் கட்டணம் மட்டும் உண்மை, அதுவும் கொட்டேஷனில் சேர்ந்திருக்க வேண்டும்.

கேரளா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். சுமைதூக்காமலே வேடிக்கை பார்த்துவிட்டு வாங்குகிற நோக்குக் கூலியை அந்த அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. யாராவது கேட்டால் அதைச் சொல்லலாம்.

எதையெல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்?

நகை, பத்திரம், சர்டிபிகேட், லேப்டாப், மருந்து எல்லாம் உங்கள் கையோடு. சாமி படங்களும்தான். அவர்கள் எதன் மேல் எதை வைப்பார்கள் என்று தெரியாது, பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

ஃபிரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, ஐஸ் உருகித் தண்ணீர் வடிய விடுங்கள். நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். இறக்கியதும் பிளக்கைச் சொருகாமல் சில மணி நேரம் விடுங்கள். முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது பின்னால் நான்கு போல்ட் இருந்திருக்கும். மெக்கானிக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார். அதை மறுபடி மாட்டாமல் அனுப்பினால் டிரம் ஆடி வீணாகிவிடும். (எங்கள் வீட்டில் அந்த நான்கு போல்ட்டும் ஆணி டப்பாவில் இருந்தன. எதற்கென்று தெரியாமல் ஆறு வருஷம் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.) ஸ்பிளிட் ஏசியைக் கழற்றுகிற ஆள் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் திறந்துவிட்டால் புது ஊரில் கேஸ் நிரப்பும் செலவு உங்களுடையது. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்த்தால் ஆசிட் வழியும், துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள்.

கேஸ் சிலிண்டரை லாரியில் அனுப்பலாமா?

கூடாது. வெளியூர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். அதைக் காட்டித்தான் அங்கே புது இணைப்பு.

வண்டி கிளம்பிய பிறகு, இன்னும் 10,000 தந்தால்தான் இறக்குவோம் என்றால்?

அதிகம் கேட்கிற புகார் இதுதான். முதலில் போனில் சண்டை போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் அது சாட்சி, எழுதச் சொன்னாலே பாதிப் பேர் இறங்கிவருவார்கள். ஒத்துக்கொண்ட கொட்டேஷனையும் பட்டியலையும் திருப்பி அனுப்பி, மீதித் தொகையை இறக்கும்போது தரத் தயார் என்று தெளிவாக எழுதுங்கள். இதற்காகத்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது என்பது. வண்டி எண்ணையும் டிரைவர் லைசென்ஸையும் ஏற்றும்போதே போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்படியும் மசியாவிட்டால் 112. நம்பி ஒப்படைத்த சரக்கை லாரிக்காரர் கையாடினால் அது பாரதிய நியாய சன்ஹிதா 316(3) பிரிவில் வருகிற குற்றம், ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. 'இது சிவில் மேட்டர்' என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். பிரிவு எண்ணோடு எழுதிய புகாரை நீட்டினால் பேச்சு கொஞ்சம் மாறும்.

சாமான் உடைந்திருந்தால்?

டெலிவரி காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் உடைந்ததை அதிலேயே எழுதுங்கள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், அடுத்த லோடு இருக்கிறது என்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள்.

கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க, புக் செய்த நாளிலிருந்து 180 நாள் கெடு. அதைத் தவறவிட்டால் வழக்கே நிற்காது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் போட்டாலே சில கம்பெனிகள் பேச வரும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் இப்போது குடியிருக்கிற ஊரிலேயே தாக்கல் செய்யலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. எங்களுக்கு உடைந்தது ஒரு கிரைண்டர் மூடியும் டீப்பாய்க் கண்ணாடியும். போட்டோ அனுப்பினோம், மீதித் தொகையில் 1,500 கழித்துக்கொண்டார்கள், அதோடு விட்டோம். எதற்குக் கோர்ட், எதற்கு வேண்டாம் என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

பழைய சாமானைப் பேக்கர்ஸ் ஆட்களே எடுத்துக்கொண்டு போவார்களா?

வேண்டியதை மட்டும் எடுப்பார்கள். ஃபேன், ஸ்டவ், இரும்புக் கட்டில் கேட்காமலே வண்டியில் ஏறும். கிழிந்த மெத்தை உங்களுக்கே.

பேப்பர் கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறாரே?

பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையை முதலில் அவர் தராசில் மாட்டச் சொல்லுங்கள். அது 4 காட்டினால், சிரித்துக்கொண்டே அவரே சரிசெய்துவிடுவார். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இடத்தில்: ஃபேன், மோட்டார், பழைய ஸ்டெபிலைசர் இவற்றுக்குள் செம்பு இருக்கிறது, இரும்பு விலைக்குக் கொடுக்காதீர்கள். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் பாத்திரக்கடையில் விசாரித்துவிட்டுப் போடுங்கள். ஒரு காலத்தில் இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினோம். இப்போது பித்தளை அண்டாவைக்கூட அந்த விலைக்குப் போட்டுவிடுகிறோம்.

வீட்டையே மொத்தமாகக் காலி செய்து தருகிறவர்கள் எப்படி?

மயிலாப்பூர் வீட்டுக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டோம். முதலில் வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நெறைய குப்பை சார், லேபர் இருக்கு. 8,000 குடுத்துருங்க, க்ளீனா தொடச்சுக் குடுத்துடறோம்" என்றார். அடுத்தவர் அதே வீட்டைப் பார்த்துவிட்டு, 5,000 நான் தருகிறேன் என்றார். ஒரே சாமான், 13,000 ரூபாய் தூரம். காரணம் உள் அறையில் கிடந்த தேக்குக் கட்டிலும் ஒரு ஊஞ்சல் பலகையும். முதல் ஆள் அதைப் பார்க்காமல் இல்லை, நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்தார். கடைசியில் தேக்கை மரக்கடைக்கும் பித்தளையைப் பாத்திரக்கடைக்கும் தனியாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டாமவரையே இலவசமாக எடுத்துப் போகச் சொன்னோம்.

ஆள் வருமுன் வீட்டை நீங்களே ஒருமுறை முழுக்கத் துழாவ வேண்டும், குறிப்பாகப் பெரியவர்கள் வாழ்ந்த வீடு என்றால். பீரோ உள் லாக்கர், அலமாரித் தட்டில் விரித்த பேப்பருக்கு அடி, அரிசி டிரம், தலையணை உறை, பழைய பஞ்சாங்கம். மாமியாருடைய பட்டுப்புடவை மடிப்பில் ஒரு பேங்க் எஃப்டி ரசீது இருந்தது, யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு துண்டுச் சீட்டுக் கிடைத்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். உரிமை கோராமல் கிடக்கும் வங்கி டெபாசிட்டுகளுக்காக 2023-ல் தொடங்கியது அது. இந்த வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாளில் முடியாது. சாமான் கனமாக இருப்பதால் இல்லை, ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

மெத்தை, சோபாவை யாரும் வாங்குவதில்லையே?

வாங்க மாட்டார்கள். பஞ்சு மெத்தை, இலவம்பஞ்சு என்றால் அடித்துத் தைக்கிறவர்கள் கேட்பார்கள். ஃபோம், காயர் என்றால் ஆளில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தெருமுனைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வருவதுதான் வழக்கமாக இருந்தது. போகியன்று கொளுத்துவது அதைவிட மோசம், ஃபோம் புகை ஒரு தெருவையே இரும வைக்கும். சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் பழைய சோபா, மெத்தை, கட்டில்களை வீட்டிலேயே வந்து எடுக்கிறது. நம்ம சென்னை செயலியிலோ 1913-லோ முன்பதிவு செய்யலாம். நாங்கள் காலி செய்தபோது இது இல்லை, வண்டிக்கு 700 கொடுத்தோம்.

பழைய டிவி, கம்ப்யூட்டர்?

புதுசு வாங்கப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்சேஞ்சில் தள்ளுங்கள், கிடைப்பது சொற்பம்தான் என்றாலும் இறக்கிப்போவது அவர்கள் வேலை. இல்லையென்றால் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி இறக்குகிற ஆட்களுக்குத் தனியாகப் பணம் தரணுமா?

கடமை இல்லை. ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து பீரோவை முதுகில் கட்டி இறக்குகிறவருக்குக் கம்பெனி கொடுப்பது குறைவு. ஏற்றி முடித்ததும் கேட்டால், இறங்கிய பிறகு என்று சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாடு மட்டும் முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஏற்றிய பெட்டிகள் எங்களுக்கு ஒன்றுகூட நசுங்கவில்லை.

இவ்வளவு அட்டைப்பெட்டியை என்ன செய்வது?

பேப்பர் கடையில் போட்டால் டீச் செலவுக்குக்கூட வராது. தட்டையாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் திருப்பூருக்கு மாறும்போது வாங்கிக்கொண்டு போனார். மார்க்கரில் என் மனைவி எழுதிய 'சமையல் 3, மேலே எதுவும் வைக்காதே' அப்படியேதான் இருந்தது.